கைதட்டலுக்குப் பிறகு

நோரீன் பிரண்டி கதவு மணியை அழுத்தவில்லை. கராஜின் உருளைக் கதவை முட்டியால் அடித்தாள். தகரம் அதிர்ந்த சத்தத்தில் உள்ளே வேலையாயிருந்த றெக்சன் திடுக்கிட்டு எழும்பினான். குசினிக்குள் நின்ற அவனுடைய மனைவி நிஷானியும் ஈரக்கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

கதவை உயர்த்தியபோது ஐம்பத்தைந்து தாண்டிய ஒரு வெள்ளைக்காரி வெளியே நின்றாள். கவுன்சிலில் புல் வெட்டுகிறவர்கள் போடும் பளீரென்ற மஞ்சள் ஜாக்கெட், சேறு காய்ந்த பூட்ஸ், ஒட்ட வெட்டிய நரைமுடி.

"பழைய ஐரிஷ் படங்களைப் போடுகிற ஆள் நீதானா?"

"நான்தான்," என்றான் றெக்சன்.

"பிரண்டியின் படத்தில் ஆடுகிற பிள்ளை நான். அதை எடுத்துவிடு."

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் அவள் பேசியது முழுக்க 'நீ' என்றே றெக்சனின் காதில் விழுந்தது.

றெக்சன் மன்னாரில் பிறந்து இந்த நாட்டுக்குக் குடிவந்தவன். டண்டினோங் புறநகரில் அவன் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, நோபல் பார்க் வீட்டுக் கராஜுக்குள் இருந்து பழைய வீடியோக் கசெட்டுகளைக் கொம்பியூட்டருக்கு மாற்றிக் கொடுக்கத் தொடங்கினான். வந்தவர்கள் எல்லாரும் தமிழர். கலியாணம், பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, கோயிலில் பிள்ளையின் முதல்நன்மை என்று ஒரே மாதிரியான கசெட்டுகள். அப்படியிருக்கும்போதுதான் ஜெரார்ட் என்ற ஐரிஷ்காரர் ஒரு பெட்டி நிறையப் படச்சுருள்களோடு வந்தார். நகரத்தின் வடக்கில் இருக்கும் ஓர் ஐரிஷ் சங்கத்துக்கு அவர் நெடுங்காலமாகச் செயலாளர். எழுபதுகளில் அந்தச் சங்க மண்டபத்தில் நடந்த இசை வாசிப்புகளை உறுப்பினர்களே சின்னக் கமராவில் எடுத்திருந்தார்கள். சுருள்கள் பூஞ்சணம் பிடித்து, ஓரம் கிழிந்து, புளித்த வினாகிரி மணத்தோடு கிடந்தன.

ஐரிஷ் இசை என்று ஒன்று இருப்பதே அதுவரை றெக்சனுக்குப் பெரிதாகத் தெரியாது. சுத்தம் செய்யச் செய்ய அது அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு படத்தில் ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். பக்கத்தில் இருப்பவர் அவருடைய கையைப் பிடித்துப் பாட்டின் போக்கிலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பார், பாட்டு முடியும்வரை விடமாட்டார். இன்னொன்றில் ஒரு தச்சர் முழங்கையால் துருத்தியை அமுக்கிக் குழல் வாசிப்பார். வேர்வை மூக்கு நுனியில் தொங்கும், துடைக்கக் கை இருக்காது. றெக்சன் இந்த முகங்களோடு மாதக்கணக்காக இருந்தான். ஒவ்வொரு கீறலையும் அழித்து, நிறத்தைத் திருத்தி, இரைச்சலை எடுத்துச் சங்கத்தின் சம்மதத்தோடு யூடியூப்பில் போட்டான். அயர்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். இந்த நாட்டில் அவனுடைய பெயரைப் பிழையில்லாமல் எழுதி நன்றி சொன்னவர்கள் அவர்கள்தான்.

எல்லாவற்றிலும் அதிகமானவர்கள் பார்த்தது ஓவன் பிரண்டியின் படத்தை. உயரமான, அழகான மனிதர். பிடிலைத் தாடையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பார். அவருடைய வில் ஓடும்போது மண்டபத்தில் யாரும் கிளாசைத் தூக்கமாட்டார்கள். அவருக்கு முன்னால் வெள்ளைக் காலுறை போட்ட ஒரு சிறுமி ஆடுவாள். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும், மேலுடம்பு அசையாது, கால்கள் மட்டும் பலகையில் தீப்பொறி பறக்கத் தட்டும். கடைசித் தட்டும் கடைசி வில்லும் ஒன்றாக விழ, கைதட்டல் வெடிக்கும். அதோடு படம் முடியும். 'என்ன அருமையான தகப்பன், என்ன பாக்கியம் செய்த பிள்ளை' என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைதான் இப்போது அவனுடைய கராஜ் வாசலில் நின்றது. ஒரு கணம் றெக்சனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன்," என்றான். "எத்தனையோ பேர் உங்களைப் பற்றிக் கேட்டு எழுதுகிறார்கள்."

"எழுதுவார்கள். எனக்குத் தெரியும். என் மகன் அந்தப் படத்தை எனக்கு அனுப்பினான். 'அம்மா, தாத்தா இப்படிப்பட்டவரா, ஏன் என்னை அவரிடம் ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகவில்லை' என்று கேட்டான்." அவள் ஒரு அடி உள்ளே வந்தாள். "என் அப்பன் என் அம்மாவின் தாடையை உடைத்தவன். என் தம்பியைக் குளிர்காலத்தில் வெளியே விட்டுக் கதவைப் பூட்டியவன். ஆடும்போது நான் ஒரு தட்டுப் பிழைத்தால் அதற்கு இத்தனை அடி என்று வீட்டில் ஒரு கணக்கு இருக்கும். அவனை எடுத்து உலகத்துக்குக் காட்டிக்கொண்டு இருக்கிறாய். எடுத்துவிடு."

இப்படி ஒரு பேச்சை றெக்சன் எதிர்பார்க்கவில்லை.

"நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் இது சங்கத்தின் படம். நான் எடுக்க முடியாது."

"நீ போட்டது, நீ எடுக்கலாம்."

"அவர் எப்படிப்பட்ட மனிதராகவும் இருந்திருக்கட்டும். இசை என்ன பிழை செய்தது?"

"இசையோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான்," என்றாள் நோரீன். "நீ இல்லை."

அப்போதாவது அவன் வாயை மூடியிருக்கலாம். அவனோ கொம்பியூட்டர்த் திரையில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினான். "பாருங்கள், இதில் நீங்கள் சந்தோஷமாகத்தானே ஆடுகிறீர்கள்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"ஆடி முடிந்த பிறகு என்ன?"

"படம் கைதட்டலோடு முடிகிறது."

"முடியவில்லை. கைதட்டல் அடங்கிய பிறகும் அந்தக் கமரா விளக்கு என் முகத்தில் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வயது ஒன்பது. அந்தச் சூடு இன்றைக்கும் எனக்குத் தெரியும். மிச்சம் எங்கே?"

"மிச்சம் இல்லை."

"பொய்யன்."

நிஷானி குறுக்கே வந்தாள். "நீங்கள் இப்போது போகவேண்டும். இல்லாவிட்டால் பொலிசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு," என்றாள் நோரீன். ஆனாலும் திரும்பினாள். போகும்போது றெக்சனிடம், "நீ பார்த்திருக்கிறாய். உன் முகத்திலேயே எழுதியிருக்கிறது," என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற குப்பைத் தொட்டியைக் காலால் தள்ளிவிட்டுப் போனாள். தொட்டி கவிழ்ந்து குப்பை வழியெங்கும் சிதறியது.

றெக்சன் குப்பையைக் கூட்டி அள்ளினான். நிஷானி உதவிக்கு வரவில்லை. கராஜுக்குள் அவனுடைய கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மிச்சம் இருக்கோ?" என்று கேட்டாள்.

"என்ன மிச்சம்?"

"அந்த மனிசி கேட்ட மிச்சம்."

"கொஞ்சம் கிடந்தது. டான்ஸ் முடிஞ்சாப்பிறகு கமரா சும்மா ஓடிக்கொண்டிருந்தது. குலுங்கலும் இருந்தது. வெட்டினனான்."

"காட்டுங்கோ."

"என்னத்துக்கு இப்ப?"

"காட்டுங்கோ எண்டுறன்."

அவன் காட்டினான். கைதட்டல் எழுகிறது. பிரண்டி சிரித்துக்கொண்டே சபைக்குத் தலைவணங்குகிறார். பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவர் அதே சிரிப்போடு வில்லுப் பிடித்த கையைப் பிள்ளையின் பிடரிக்குக் கொண்டுபோகிறார், விரல்கள் மூடுகின்றன. குனிந்து காதில் ஏதோ சொல்கிறார். சிரிப்பு மாறவேயில்லை. பிள்ளையின் முகமும் மாறவில்லை, கண்கள் நேரே கமராவுக்குள் பார்க்கின்றன. பிறகு வெள்ளைக் காலுறையில் ஒரு கறுத்த கோடு மேலிருந்து கீழே இறங்கிச் சப்பாத்துக்குள் போகிறது. பலகையில் ஈரம் பரவுகிறது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இன்னொருத்தி தன் கிளாசுக்குள் பார்க்கிறாள். அடர்ந்த கிருதா வைத்த ஒரு வாலிபன் எழும்பிக் கமராவை நோக்கி வருகிறான். அவனுடைய உள்ளங்கை திரையை மூடுகிறது. அதோடு இருட்டு.

நிஷானி மீண்டும் ஒருதரம் போடச் சொன்னாள். பிறகு எழும்பினாள். அவள் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுத் தாதி. வேலையிடத்தில் பேசும் குரல் ஒன்று அவளுக்கு இருந்தது. அதை வீட்டில் றெக்சன் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டான்.

"பிடரியில கை வைச்சா ஒரு சின்னப் பிள்ளை நெளியும், திரும்பிப் பாக்கும். இந்தப் பிள்ளை அசையேல்ல. பழகின பிள்ளை இது. நீங்கள் இதைப் பாத்தனீங்கள். பாத்திட்டு வெட்டினனீங்கள்."

"எனக்கு அப்ப ஒண்டும் விளங்கேல்ல. பிள்ளை பயத்தில மூத்திரம் போட்டிட்டுது, பாவம் எண்டு நினைச்சன். அதுக்கு வெக்கமாயிருக்கும் எண்டுதான்..."

"பிள்ளைக்காக வெட்டினனீங்களோ? வீடியோ வடிவா முடியவேணும் எண்டு வெட்டினனீங்களோ?"

"நீர் சும்மா கதையைப் பெருப்பிக்காதையும். ஐம்பது வருசத்துக்கு முந்தி நடந்தது. அந்த மனிசனும் செத்துப்போனான்."

"அந்த மனிசி சாகேல்லையே," என்றாள் நிஷானி. அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

நோரீன் வீடியோவுக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். 'இந்த மனிதன் பிள்ளைகளை அடித்தவன். ஆடுகிற பிள்ளை நான். இது வெட்டப்பட்ட படம்.' உடனே ஆட்கள் அவள்மீது பாய்ந்தார்கள். பொய்க்காரி என்றார்கள். செத்த மனிதரின் புகழில் காசு பார்க்க வந்தவள் என்றார்கள். அவளும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள், ஒவ்வொரு பதிலிலும் ஒரு கெட்டவார்த்தை இருந்தது. றெக்சன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு காலமும் தன்னை மதித்து எழுதிய ஆட்கள் இப்போது 'இங்கே என்ன நடக்கிறது' என்று அவனைக் கேட்டார்கள். ஒரு மத்தியானம் அவன் அவளுடைய எழுத்துகள் எல்லாவற்றையும் அழித்தான். அவள் இனி எழுத முடியாதபடி தடுத்தும் வைத்தான். வீடியோவுக்குக் கீழே நடந்த வாய்ச்சண்டை அடங்கியது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் கொஞ்சம் பழிவாங்கின ருசியும் இருந்தது.

நிஷானிக்கு இது எப்படியோ தெரியவந்தது.

"அந்த மனிசியின்ர வாயையும் பொத்திப்போட்டீங்கள்," என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வசனம் அது. "அங்க அந்தக் கிருதாக்காரன் கையை வைச்சுப் பொத்தினான். இஞ்ச நீங்கள்."

"நிப்பாட்டும்!" என்று றெக்சன் கத்தினான். "இந்த நாட்டில என்னை ஆரும் ஒரு மனிசனா மதிச்சுப் பேசினது இந்தப் படங்களாலதான். அதையும் விட்டிட்டு நான் என்ன செய்ய? கசெட்டுத் துடைக்கிறதோ?"

நிஷானி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மதிச்சுப் பேசினது உங்களையோ, படத்தையோ?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்தக் கிழமையில்தான் ஜெரார்ட் போன் எடுத்தார். சங்க மண்டபத்தின் மேடைக்கு ஓவன் பிரண்டியின் பெயர் வைக்கப்போகிறார்கள், ஞாயிறு பின்னேரம் விழா, பெரிய திரையில் படம், படத்தைப் பற்றி றெக்சன் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்பதெல்லாம் முன்பே பேசி வைத்ததுதான். அதற்காக றெக்சன் ஒரு புதிய கோட்டும் வாங்கியிருந்தான்.

"நோரீன் உன்னிடம் வந்தாளாமே," என்றார் ஜெரார்ட். "அவளைப் பொருட்படுத்தாதே. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மனம் சரியில்லை. தகப்பனுக்குச் சரியான கஷ்டம் கொடுத்தவள்."

"படத்தின் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது," என்றான் றெக்சன். "ஒரு வாலிபன் கமராவைக் கையால் மூடுகிறான். அது யார் என்று தெரியுமா?"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படுவது கேட்டது.

"அந்தப் பகுதி யாருக்கும் தேவையில்லை," என்றார் ஜெரார்ட் கடைசியாக. "நீ நல்ல இடத்தில்தான் வெட்டியிருக்கிறாய்."

றெக்சன் போனை வைத்துவிட்டுப் படத்தின் அந்த இடத்தைத் திறந்தான். அந்த வாலிபனின் முகத்தில் கிருதாவை மனதுக்குள் எடுத்துவிட்டுப் பார்த்தான். மூக்கு ஜெரார்டின் அதே மூக்கு. இடது புருவத்தில் இருக்கும் பிளவுகூட அப்படியே இருந்தது. அவனுக்கு அந்த மனிதரின்மேல் கோபம் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் போவதில்லை என்று அவன் நினைக்கவில்லை. மடிக்கணினிக்குள் இரண்டு படங்களையும் போட்டுக்கொண்டான், வெட்டியதையும் வெட்டாததையும். ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திராது.

ஞாயிறு பூசை முடிந்து அவன் கோட்டைப் போட்டபோது நிஷானி சேலை கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினாள். அவன் அவளைக் கூப்பிடவில்லை. வழிநெடுக யன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் வயதானவர்கள். பச்சை ரிபன், பியர் மணம், தட்டுகளில் அடுக்கிய சான்ட்விச். மேடையில் திரைச்சீலைக்குள் பெயர்ப்பலகை. றெக்சன் மடிக்கணினியைப் படக்கருவியோடு இணைத்துக்கொண்டிருக்க, ஜெரார்ட் வந்து அவன் தோளில் கைபோட்டார்.

"ஒரு சின்ன மாற்றம். நீ பேசவேண்டாம். படத்தை மட்டும் போடு."

"நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்."

"தெரியும், தெரியும். கோபிக்காதே. இங்கே இருப்பவர்கள் கிழடுகள். உன்னுடைய உச்சரிப்பு அவர்களுக்குப் பிடிபடாது. நீ படத்தைத் துடைத்துத் தந்த ஆள், அதற்கு நாங்கள் நன்றி சொல்லுவோம்." தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவர் போனார்.

றெக்சன் கோட்டின் உள்பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. நோரீன் வந்திருந்தாள். இரண்டு தடித்த மனிதர்கள் கதவை மறித்து நின்றார்கள்.

"அழைப்பு இல்லாதவர்கள் உள்ளே வர முடியாது, நோரீன்."

"என் அப்பனின் பெயரைத்தானே வைக்கிறீர்கள்? நான் பார்க்கக்கூடாதா?"

"போன முறை நீ இங்கே வந்து கத்தியது எங்களுக்கு மறக்கவில்லை. வீட்டுக்குப் போ."

யாரோ கதவைச் சாத்தச் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி, "வெட்கமில்லாதவள்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்த நேரம் நிஷானி கதிரையை விட்டு எழும்பினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தாள்.

"இவர் என்னோடு வந்தவர்," என்றாள் ஆங்கிலத்தில். "என் கணவருக்கு ஒருவரைக் கூட்டிவர அனுமதி இருக்கிறது. நான் சான்ட்விச் சாப்பிட வந்தவள், எனக்கு இடம் வேண்டாம். என்னுடைய கதிரையில் இவர் இருப்பார்."

தடித்த மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக் குரலுக்கு எதிரே நின்று பழக்கமில்லாதவர்கள். நோரீன் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நிஷானிக்கு ஒரு தலையசைப்புக்கூடக் கொடுக்கவில்லை. நடுவழிக்கு ஓரமாக இருந்த கதிரையில் போய் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்தன. றெக்சனின் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. முன்வரிசையில் ஜெரார்ட் திரும்பிப் பார்த்து, நாயைக் கூப்பிடுவதுபோல் விரலைச் சொடுக்கினார். தொடங்கு என்று அர்த்தம்.

றெக்சன் வெட்டாத படத்தைத் தொடங்கினான்.

பிரண்டியின் வில் ஓடியது. மண்டபம் அப்படியே இளகியது. முதியவர்கள் காலால் தாளம் போட்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு கேட்ட பிறகும், இவ்வளவு தெரிந்த பிறகும், அந்த வாசிப்பு றெக்சனையும் தூக்கிக்கொண்டுதான் போனது. கடைசித் தட்டு விழுந்தது. படத்துக்குள் இருந்தவர்களும் கைதட்டினார்கள், மண்டபத்தில் இருந்தவர்களும் கைதட்டினார்கள்.

படம் நிற்கவில்லை.

கைதட்டல் ஓரமோரமாக அறுந்தது. பெரிய திரையில் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. பிடரியில் மூடிய விரல்கள், மாறாத சிரிப்பு, வெள்ளைக் காலுறையில் இறங்கிய கோடு. ஜெரார்ட் எழும்பினார். "நிறுத்து!" என்று கத்திக்கொண்டு மேசையை நோக்கி வந்தார். றெக்சன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். திரையில் அதே மனிதர், கிருதாவோடு, அதே வேகத்தில் எழும்பிக் கமராவை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

நோரீன் எழும்பி நின்றாள். அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அது நீ, ஜெரார்ட். வாயைப் பொத்திச் சிரிப்பது மொயிரா. நீதான், மொயிரா, இப்போது என்னை வெட்கமில்லாதவள் என்று சொன்னவள். கிளாசுக்குள் பார்ப்பது செத்துப்போன உன் அக்கா. எல்லாரும் பார்த்தீர்கள். அன்றைக்கு இரவு என்னை அவனுடைய காரில் நீங்கள்தான் ஏற்றிவிட்டீர்கள்."

மண்டபம் கொதித்தது. "அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்," என்று ஒரு மனிதர் கத்தினார். "செத்தவரை நிம்மதியாக விடு," என்று இன்னொருவர். சில கதிரைகள் பின்னால் நகர்ந்தன, சிலர் எதுவும் சொல்லாமல் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஜெரார்ட் மின் இணைப்பைப் பிடுங்கினார். பிறகு றெக்சனின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"உன்னை வீட்டுக்குள் விட்டோம். இதுதானா நீ செய்வது? உன்னுடைய ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். எங்கிருந்து வந்தாயோ அங்கேயே போய்ச் சேர்."

றெக்சன் கேபிளைச் சுருட்டினான். தோளில் யாரோ எறிந்த சான்ட்விச் வந்து விழுந்தது. புதுக் கோட்டில் வெண்ணெய் பட்டது.

கார் நிறுத்தும் இடத்தில் நோரீன் தன் வாகனத்தில் சாய்ந்து நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். றெக்சன் அவளிடம் போனான். ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்துப் போனான்.

"நன்றி கேட்டு வந்தாயா?" என்றாள்.

"இல்லை."

"நல்லது. ஏனென்றால் நீயும் அந்த முன்வரிசையில் இருந்தவன்தான். பார்த்தாய், வெட்டினாய், என் வாயையும் அடைத்தாய். இன்றைக்கு அவன் உன்னை அவமதிக்காமல் இருந்திருந்தால் நீ முழுதையும் போட்டிருப்பாயா?"

அவள் ஜெரார்ட் விரல் சொடுக்கியதைக் கண்டிருந்தாள்.

"முழுப் படத்தையும் என் மகனுக்கு அனுப்பு," என்றாள். "பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிடு. அவர்கள் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். உலகம் பார்க்கத் தேவையில்லை."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிஷானி கேட்டாள், "அவ சொன்னதுக்கு என்ன மறுமொழி சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்ல."

"ஜெரார்ட் உங்களைப் பேச விட்டிருந்தா?"

"தெரியாது, நிஷானி. உண்மையாத் தெரியாது."

அவள் அவனுடைய தோளில் இருந்த வெண்ணெயைக் கடதாசியால் துடைத்தாள். துடைத்த கையில் அன்பைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

அன்றைக்கே றெக்சன் படத்தை நோரீனின் மகனுக்கு அனுப்பிவிட்டு யூடியூப்பில் இருந்து எடுத்தான். சங்கம் மற்றப் படங்களையும் திருப்பிக் கேட்டது. பாடும் கிழவர், குழல் வாசிக்கும் தச்சர் எல்லாரும் பெட்டிக்குள் போனார்கள். அவனுக்கு நன்றி எழுதியவர்களே கோழை என்றும், கள்ளன் என்றும், ஐரிஷ் இசையை அழிக்க வந்தவன் என்றும் எழுதினார்கள். அதோடும் முடியவில்லை. அவன் போட்ட படத்தை ஏற்கெனவே பலர் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். இப்போது அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கைதட்டலோடு முடியும் படம், அவன் துடைத்த நிறத்தோடு, அவனுடைய பெயரோடு. எடுக்கச் சொல்லி அவன் எழுதினால் சிரித்தார்கள். படத்தில் இருக்கிறவரே முறையிட்டால்தான் கேட்பார்கள் போலிருந்தது. வேறு வழியில்லாமல் அவன் நோரீனுக்குப் போன் எடுத்தான்.

அவள் வந்தாள். இந்த முறை கதவை அடிக்கவில்லை, ஆனால் மணியையும் அழுத்தவில்லை. கராஜ் திறந்திருக்கக் கண்டு உள்ளே வந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வேலை முடிந்து வரும் செவ்வாய்க்கிழமைகளில் வந்தாள். றெக்சன் நகல்களைத் தேடிப் பிடிப்பான். அவள் தன்னுடைய பெயரில் முறைப்பாடு எழுதுவாள். ஒன்றை எடுத்தால் இன்னொன்று முளைத்தது. அவளுக்குக் கோபம் வந்தால் அவனைத்தான் திட்டினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான், சிலவேளைகளில் திருப்பியும் திட்டினான். நிஷானி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். நோரீன் குடித்துவிட்டுக் கோப்பையைக் குசினியில் கழுவி வைப்பாள்.

ஒருநாள் ஒரு நகலைத் திறந்தபோது ஒலியைக் குறைக்க றெக்சன் மறந்துவிட்டான். பிடில் கராஜ் முழுக்க நிறைந்தது. அவன் அவசரமாக நிறுத்தப்போனான்.

"விடு," என்றாள் நோரீன்.

படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டாள். ஒரு கால் நுனி சப்பாத்துக்குள் தன்பாட்டில் அசைந்தது. அதைக் கண்டதும் மற்றக் காலால் மிதித்து அடக்கினாள்.

"அவனைப்போல் யாரும் வாசித்ததில்லை," என்றாள். "அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை."

றெக்சன் அந்த நகலை மூடினான். பிறகு தட்டுத்தடுமாறிச் சொன்னான், "நான் அதை வெட்டியிருக்கக்கூடாது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

நோரீன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தாள்.

"அந்த மன்னிப்பு உன்னிடமே இருக்கட்டும்," என்றாள். "அடுத்ததைத் திற."